அரியலூர் பஸ்ஸின் வேகம் நொடிக்கு 335 மெகாபிட்

"அண்ணே, 200 பிளான்னு சொல்லித்தான் காசு வாங்குறாங்க. டவுன்லோடு போட்டா 22-க்கு மேல ஏறவே மாட்டேங்குது. பத்துல ஒரு பங்குதான் குடுக்குறாங்களா?"

பெரம்பலூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பி ஒருவரின் கேள்வி இது. அவருடைய இணைப்பில் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டர் 22 என்று காட்டுகிறதென்றால் 200 முழுசாக வந்துகொண்டிருக்கிறது. "எட்டால வகுத்துக்கப்பா" என்று சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் எட்டால் வகுத்தால் 25 வருமே தவிர 22 வராது. மிச்சத்தை யார் எடுத்துக்கொண்டது என்று அவர் திரும்பி வந்து கேட்பார். கல்யாண வீடியோக்காரர்கள் கணக்கில் கெட்டி.

முதலில் அந்த மிச்சத்தைப் பார்த்துவிடுவோம். நெட் கம்பெனி சொல்லும் 200, நொடிக்கு 200 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக 25 மெகாபைட். ஃபைல் அப்படியே ஒரே ஓட்டமாக வருவதில்லை, சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டப்பட்டு வருகிறது. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் கம்பியில் பிடிக்கும் இடம் மொத்தம் 1538 பைட். அதில் முன்னோட்டம், முகவரி, பிழை சோதனை, பொட்டலங்களுக்கு இடையே விடும் இடைவெளி எல்லாம் சேர்ந்து 38 பைட். உள்ளே ஐபி, டிசிபி தலைப்புகள் இன்னொரு 40. நம் ஃபைலுக்கு மிஞ்சுவது 1460. அதாவது 100-க்கு 95-க்குக் கொஞ்சம் குறைவு. 25 இப்போது 23.7 ஆகிவிட்டது. கடைசி வேலையை விண்டோஸ் செய்கிறது. நெட் கம்பெனிக்கு ஒரு மெகா என்றால் 10 லட்சம். விண்டோஸுக்கு ஒரு மெகாபைட் என்றால் 1024-ஐ 1024-ஆல் பெருக்கிய 10,48,576. அதால் வகுத்தால் 22.6. தம்பி பார்த்த 22 இதுதான். யாரும் எதையும் திருடவில்லை.

ஒரு டெராபைட் ஹார்டிஸ்க் வாங்கி மாட்டினால் 931 என்று காட்டுவதும் இதே 1024 விளையாட்டால்தான். கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். தம்பி அடுத்து கேட்டதுதான் விஷயம். "அப்ப என் டிஸ்க் மேல 6 ஜிகாபிட்னு போட்டிருக்கே, அதையும் எட்டால வகுத்தா 750 வரணும். நெட்ல பார்த்தா 600-னு எழுதியிருக்கான். இங்க மட்டும் ஏன் பத்தால வகுக்கணும்?"

நம்ம பக்கம் சின்ன வெங்காயம் விற்றவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைப்பது சுலபம். மூட்டையைச் சாக்கோடு எடை போட்டால் ஒரு கணக்கு, சாக்கைக் கழித்தால் வேறு கணக்கு. ஹார்டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கம்பியின் 6 ஜிகாபிட், சாக்கோடு சொன்ன எடை. நெட்வொர்க்கின் 1 ஜிகாபிட் ஈதர்நெட், சாக்கைக் கழித்துச் சொன்ன எடை. இரண்டிலும் 'ஜிகாபிட்' என்றுதான் அச்சடித்திருக்கும்; எது எந்த எடை என்று அட்டைப்பெட்டியில் யாரும் எழுதுவதில்லை.

அந்தச் சாக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. கம்பியிலோ கண்ணாடி இழையிலோ தொடர்ந்து பூஜ்யமாகவே போய்க்கொண்டிருந்தால், மறுமுனையில் இருப்பவனுக்கு எண்ணிக்கை தவறிவிடும். 40 பூஜ்யம் வந்ததா 41 வந்ததா என்று சொல்ல அவனுக்கு வழி கிடையாது. அவன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதே பூஜ்யம் ஒன்றாகவும் ஒன்று பூஜ்யமாகவும் மாறும் இடங்களை வைத்துத்தான். 1983-இல் ஐபிஎம்மில் வேலை பார்த்த ஆல்பர்ட் விட்மர், பீட்டர் ஃபிரானஸெக் இருவரும் இதற்கு ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்பு. அந்தப் பத்தில் பூஜ்யமும் ஒன்றும் ஏறக்குறையச் சமமாக, அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள். விலை, ஐந்தில் ஒரு பங்கு. 10 பிட் போனால் 8 பிட்தான் நம்முடையது.

இந்த முறையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், பெயர் வைப்பதில்தான் பிரிந்தார்கள். 2009-இல் வந்த சாட்டா 3, கம்பியில் ஓடும் பிட்டை எல்லாம் எண்ணி 6 ஜிகாபிட் என்றது. ஆகவே பத்தால் வகுக்க வேண்டும், 600 மெகாபைட். யூஎஸ்பி 3-இன் 5 ஜிகாபிட்டும் அப்படியே, 500 மெகாபைட். பெரிய டேட்டா சென்டர்களில் டிஸ்க் அலமாரிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் ஃபைபர் சேனல் என்று ஒன்று உண்டு. அதில் இழையில் ஓடுவது நொடிக்கு 1.0625 ஜிகாபிட், வாங்குபவரிடம் அதை 100 மெகாபைட் என்று மெகாபைட்டிலேயே சொல்லி விற்றார்கள். மூவரிலும் நேர்மையானவர்கள் அவர்கள்தான் என்பது என் கட்சி.

1998-இல் இழை வழியாக ஜிகாபிட் ஈதர்நெட் வந்தபோது, நெட்வொர்க்காரர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கவில்லை. டிஸ்க்காரர்களின் ஃபைபர் சேனலில் இருந்த ஒளிக்கருவி அமைப்பையும், 8-ஐ 10 ஆக்கும் முறையையும் அப்படியே எடுத்துக்கொண்டு, 1.0625-ஐ 1.25-க்கு முடுக்கிவிட்டார்கள். 1.25-இல் ஐந்தில் ஒரு பங்கு போனால் சரியாக 1. அந்த 1-ஐத்தான் பெயராக வைத்தார்கள். டிஸ்க் கம்பெனியாக இருந்திருந்தால் அதே இழைக்கு '1.25 ஜிகாபிட்' என்று பெட்டியில் அடித்திருப்பார்கள். ஆக, சேமிப்புக் கருவிக்கும் ஒளிவலைக்கும் நடுவே நாம் இவ்வளவு கணக்குப் போட்டுத் தவிக்கிறோம், உள்ளே இருப்பதோ ஒரே குடும்பத்துச் சரக்கு.

பின்னால் வந்தவர்களுக்கு 20 சதவீதம் கொடுப்பது கட்டுப்படியாகவில்லை. 10 ஜிகாபிட் ஈதர்நெட் 64-ஐ 66 ஆக்கியது. என்விஎம்இ டிஸ்க்குகள் உட்காரும் பிசிஐஇ, மூன்றாம் தலைமுறையில் 128-ஐ 130 ஆக்கியது. சாக்கு மெலிந்துவிட்டதால் இவற்றை எட்டால் வகுத்தால் போதும், பெரிய பிழை வராது.

இனி வீட்டுக்கு வரும் ஃபைபர். பிஎஸ்என்எல் கொடுத்தாலும் தனியார் கொடுத்தாலும், தெருவில் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்தாலும், நம்மூரில் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஜிபான் என்கிற முறை. அதன் வேகத்தைப் பாருங்கள்: இறங்குமுகம் 2.48832 ஜிகாபிட், ஏறுமுகம் 1.24416 ஜிகாபிட். 2.5, 1.25 என்று முழுசாக வைத்திருக்கக் கூடாதா, இதென்ன விடாக்கண்டன் எண் என்று தோன்றும்.

இது டெலிபோன்காரர்கள் வைத்த எண். மனிதக் குரலை டெலிபோனில் அனுப்ப, நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினார்கள். ஒரு குரலுக்கு 64 கிலோபிட். அதே அளவில் 32 தடத்தைக் கட்டினால் 2.048 மெகாபிட், வங்கிக் கிளைகளும் அலுவலகங்களும் பல வருஷம் '2 எம்பி லீஸ்டு லைன்' என்று பெருமையாக வைத்திருந்தது அதுதான். 1988-இல் உலக அளவில் எஸ்டிஎச் என்கிற ஒளிவலைத் தரம் வந்தபோதும் அந்த 8000-ஐ விடவில்லை. 9 வரிசை, 270 பத்தி, மொத்தம் 2430 பைட் கொண்ட ஒரு சட்டகம். நொடிக்கு 8000 சட்டகம். பெருக்கிப் பார்த்தால் 155.52 மெகாபிட். இதில் 9 பத்தி நிர்வாகத்துக்கே போய்விடும், அதற்கப்புறமும் சில்லறைக் கழிவு உண்டு. சரக்குக்கு மிஞ்சுவது 149.76. அந்த 155.52-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 2488.32. ஜிபான் வந்துவிட்டது. இன்றைக்கும் உங்கள் வீட்டுச் சுவரில் பச்சை விளக்கோடு தொங்கும் அந்தப் பெட்டிக்கு நொடிக்கு 8000 சட்டகம்தான் வருகிறது, ஒவ்வொன்றிலும் 38,880 பைட். வாட்ஸ்அப் வீடியோ கால் போனாலும், அடியில் துடிப்பது பழைய டெலிபோன் குரலின் தாளம்.

ஆகவே எண்ணும் முறையில் இது மூன்றாவது கட்சி. 8-ஐ 10 ஆக்கும் சாக்கு இங்கே இல்லை. பிட்டுகளைக் கலைத்துப் போட்டு அனுப்புவதால் அந்தக் கூடுதல் தேவைப்படவில்லை. ஆனால் சொன்ன எண்ணுக்குள்ளேயே நிர்வாகச் செலவு அடக்கம். பிழை திருத்தும் வசதியையும் போட்டுவிட்டால் 255 பைட்டில் 239 மட்டுமே நமக்கு, 2.488 அப்போது 2.33 ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய கழிவு தெருவில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரே இழை, கம்பத்தில் மாட்டிய ஸ்ப்ளிட்டரில் 32 ஆகவோ 64 ஆகவோ பிரிகிறது. 32 வீடும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் இறக்கினால் ஆளுக்கு 77.76 மெகாபிட். ஏற்றினால் 38.88. ஒரே நேரத்தில் அப்படி யாரும் உட்கார மாட்டார்கள் என்கிற நம்பிக்கையில்தான் 200 பிளானும் 300 பிளானும் விற்கப்படுகின்றன. இறங்குமுகத்தில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கிறது. ஏறுமுகத்தில், அதுவும் ஸ்டூடியோக்காரர்கள் இருக்கும் தெருவில், கொஞ்சம் ஆட்டம் காணும்.

இனி வீட்டைத் தாண்டி, ஊராட்சிக்கு வரும் இழை. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசிய ஒளியிழைத் திட்டம் பிற்பாடு பாரத்நெட் ஆனது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் 100 மெகாபிட் என்று தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் அதை நடத்தும் டான்ஃபிநெட், 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிகாபிட் என்று வைத்திருக்கிறது. பெரம்பலூரில் 121 ஊராட்சி, அரியலூரில் 201. ரயிலையே பார்க்காத மாவட்டத் தலைநகர் பெரம்பலூர். அங்கே ஒளியிழை முந்திக்கொண்டது.

அந்த எண்களை டிஸ்க் பாஷைக்கு மாற்றிப் பாருங்கள். 100 மெகாபிட் என்றால், கழிவு போக நொடிக்கு 11.9 மெகாபைட். யூஎஸ்பி 2 பென் டிரைவ்கூட இதைவிட வேகமாகப் படிக்கும். 1 ஜிகாபிட் என்றால் 119 மெகாபைட். மேசையில் சுழலும் சாதாரண எக்ஸ்டர்னல் ஹார்டிஸ்க் ஒன்றின் வேகம் ஏறக்குறைய அதுதான். அதாவது ஒரு ஊராட்சிக்கு, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சி அலுவலகம், வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கிய மொத்த இழையும், சரியாக ஒரே ஒரு ஹார்டிஸ்க்குக்கு ஈடு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊரே யூடியூப் பார்த்தாலும் 1 ஜிகாபிட் தாங்கும். ஒரே ஒரு ஆள் தன் டிஸ்க்கைக் காலி செய்ய உட்கார்ந்தால் தாங்காது. இரண்டு உலகத்துக்கும் பசி வேறு.

இந்தப் பசியை ஸ்டூடியோக்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. 4கே பதிவில் பல கேமராக்கள் நொடிக்கு 100 மெகாபிட் எழுதுகின்றன. மணிக்கு 45 ஜிகாபைட். ராத்திரி ரிசப்ஷன், காலையில் முகூர்த்தம், மூன்று கேமரா என்று வைத்தால் 500 ஜிகாபைட்டை எளிதாகத் தொட்டுவிடும். அரியலூரில் எடுத்ததைப் பெரம்பலூரில் எடிட் செய்ய வேண்டும். எப்படி அனுப்புவது?

30 மெகாபிட் அப்லோடு இருந்தால் 39 மணி நேரம். மாப்பிள்ளை பொண்ணு மறுவீடு போய்த் திரும்பியே வந்துவிடுவார்கள். 100 மெகாபிட் என்றால் 11 மணி 42 நிமிடம். முழு 1 ஜிகாபிட் என்றால் 1 மணி 10 நிமிடம். பழைய 2 எம்பி லீஸ்டு லைனில் 22 நாளைக்கு மேல்.

இன்னொரு வழிதான் எல்லோரும் செய்வது. ஹார்டிஸ்க்கைப் பையில் சுற்றி, பஸ்ஸில் பையனிடம் கொடுத்துவிடுவது. 30 கிலோமீட்டர் சொச்சம், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டாமல் போனால் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். 500 ஜிகாபைட் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் நொடிக்கு 1.1 ஜிகாபிட், அடேயப்பா, ஜிபானின் ஏறுமுகத்தையே எட்டிப் பிடிக்கிறதே என்று குதிக்கத் தோன்றும். இங்கேதான் பலரும் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். 2009-இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு கம்பெனிக்காரர்கள் வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜிகாபைட் மெமரி கார்டைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். அது போய்ச் சேர்ந்து, டேட்டாவை இறக்கியும் முடித்தபோது, அங்கிருந்த பிராட்பேண்டில் 4 சதவீதம்தான் போயிருந்தது. உலகமே சிரித்தது. அவர்கள் இறக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடித்தது. புறா எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் கார்டு அதன் வேகத்தில்தான் படிக்கும்.

நம் பஸ்ஸுக்கும் அதைச் சேருங்கள். அரியலூரில் கம்ப்யூட்டரிலிருந்து எக்ஸ்டர்னல் ஹார்டிஸ்க்குக்குக் காப்பி, நொடிக்கு 120 மெகாபைட் என்றால் 1 மணி 9 நிமிடம். பெரம்பலூரில் எடிட்டரின் டிஸ்க்குக்கு மறுபடி 1 மணி 9 நிமிடம். நடுவில் பஸ் 1 மணி. மொத்தம் 3 மணி 19 நிமிடம். 500 ஜிகாபைட்டை அதால் வகுத்தால் நொடிக்கு 41.9 மெகாபைட், நெட் பாஷையில் 335 மெகாபிட். அரியலூர் - பெரம்பலூர் பஸ்ஸின் உண்மையான வேகம் அதுதான்.

அதே பஸ்ஸில் பழைய லேப்டாப்பின் யூஎஸ்பி 2 துளையைப் பயன்படுத்தினால்? அங்கே 480 மெகாபிட் என்று பெயர், கைக்கு வருவது 35 மெகாபைட் போல. ஒவ்வொரு பக்கமும் 4 மணி நேரம் ஆகி, பஸ்ஸின் வேகம் 124 மெகாபிட்டுக்கு விழுந்துவிடும். நொடிக்கு 1000 மெகாபைட் எழுதும் நல்ல எஸ்எஸ்டி வைத்திருந்தால் 870 மெகாபிட்டுக்கு ஏறிவிடும். மூன்றிலும் பஸ் அதே பஸ்தான், டிரைவரும் அதே டிரைவர்தான். மாறியது இரண்டு முனையிலும் இருக்கும் துளை.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது: அரியலூர் பக்கம் உன் ஆளுக்கு 335-க்கு மேல் அப்லோடு கிடைத்தால் இழையில் அனுப்பச் சொல்லு, அதற்குக் கீழே என்றால், அவசரத்துக்கு பஸ்தான். எஸ்எஸ்டி வாங்கிவிட்டால் 870 மெகாபிட் அப்லோடு வரும்வரை பஸ் ஜெயிக்கும். ஆனால் இழைக்கு ஒரு சலுகை உண்டு: ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். பஸ் பக்கத்தில் அந்த வசதி இல்லை. மேலும் பஸ்ஸில் அனுப்பும் டிஸ்க்தான் உங்களிடம் இருக்கும் ஒரே காப்பி என்றால், தயவுசெய்து அனுப்பாதீர்கள். கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது.

இன்னும் இரண்டு விஷயம், இரண்டும் காசு மிச்சம் பிடிப்பவை.

ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94 என்று வந்து அங்கேயே நின்றுவிடுகிறதா? 93-உம் இல்லாமல் 96-உம் இல்லாமல் எப்போது பார்த்தாலும் 94? அது 100 மெகாபிட்டில் பொட்டலக் கழிவு போன 94.9. உங்கள் பிளான் 200-ஆ 500-ஆ என்பது விஷயமே இல்லை. விலை குறைந்த பெட்டிகள் சிலவற்றில் கம்பி மாட்டும் துளையே 100 மெகாபிட் துளைதான். இல்லையென்றால் கம்பிக்குள் நான்கு ஜோடியில் ஒன்று அறுந்திருக்கும். இரண்டு ஜோடி மட்டும் நன்றாக இருந்தாலே 100-க்கு இறங்கி வேலை செய்துவிடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. பிளானை உயர்த்தும் முன் கம்பியை மாற்றிப் பாருங்கள். ஒரு டீ, வடை செலவோடு கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இன்னொன்று. புது இணைப்பு எடுக்கும்போது எல்லோரும் இறங்குமுக வேகத்தைத்தான் கேட்கிறோம். கடைக்காரரும் அதைத்தான் சத்தமாகச் சொல்கிறார். சினிமா பார்ப்பவருக்கு அது போதும். வீடியோ, ஆல்பம் டிசைன், ஸ்கேன் படம், பத்திர ஆபீஸ் வேலை என்று எதையாவது அனுப்பிப் பிழைப்பவராக நீங்கள் இருந்தால், அப்லோடு எத்தனை மெகாபிட் என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தால், பெட்டி ஜிபானா, இரண்டு பக்கமும் 9.95 ஜிகாபிட் ஓடும் புது எக்ஸ்ஜிஎஸ்-பானா என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் அடுத்த ஆளை விசாரியுங்கள்.